கடப்பிதழும் சம்பளப் பட்டியலும்: நிறுவனக் குடிநுழைவுச் சட்டம் ஓர் அறிமுகம்

வழக்கறிஞர் என்று சொன்னவுடன் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது கறுப்பு அங்கியும் நீதிமன்றமும் குறுக்கு விசாரணையும்தான். நான் சட்டம் படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நீதிமன்றத்திற்குள் நுழைந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என்னுடைய மேசையில் இருப்பவை கடப்பிதழ் நகல்கள், சம்பளப் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ்கள் ஆகியவையே. திருமண விருந்துகளில் உறவினர்கள், "நீ எந்தச் சட்டம் பார்க்கிறாய்?" என்று கேட்பார்கள். "குடிநுழைவு" என்பேன். உடனே, "அப்படியென்றால் நம் பையனுக்கு ஒரு பி.ஆர். வாங்கிக் கொடேன்" என்பார்கள். அதை வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் எந்த வழக்கறிஞருக்கும் கிடையாது என்று விளக்குவதற்குள் பாயசம் ஆறிவிடும்.

தமிழ்ப் பேரவை ஆண்டு மலருக்கு எழுதும்படி மாணவர்கள் கேட்டபோது, இத்துறையைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பேரவையில் இரண்டு வகை மாணவர்கள் தோளோடு தோள் நின்று பணியாற்றுகிறார்கள். ஒருவர் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். மற்றவர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ படிக்க வந்தவர். பட்டம் பெற்ற மறுநாளே இந்தச் சட்டம் இருவரையும் வெவ்வேறு வரிசையில் நிறுத்தும். அந்த வரிசைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை இருவரும் அறிந்திருப்பது நல்லது.

துறையின் வேலை என்ன?

ஒரு நிறுவனம் வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு எடுக்க விரும்புகிறது. அவர் நாட்டிற்குள் வரவும், இங்குத் தங்கவும், வேலை செய்யவும் அனுமதி தேவை. இந்த அனுமதிகளைப் பற்றி நிறுவனத்திற்கு ஆலோசனை கூறுவதே நிறுவனக் குடிநுழைவுச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

சிங்கப்பூரில் இதற்கு அடிப்படையாக இரண்டு சட்டங்கள் உள்ளன. ஒன்று குடிநுழைவுச் சட்டம். யார் நாட்டிற்குள் நுழையலாம், யார் தங்கலாம் என்பதை அது சொல்கிறது. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் அதனை நடைமுறைப்படுத்துகிறது. மற்றொன்று வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டம். 1990ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டம் என்ற பெயரில் இயற்றப்பட்டு, 2007ஆம் ஆண்டு இப்போதைய பெயரைப் பெற்றது. இது மனிதவள அமைச்சின் கையில் உள்ளது.

விண்ணப்பத்தை இணையம்வழி நிறுவனமே சமர்ப்பிக்கலாம். உரிமம் பெற்ற வேலைவாய்ப்பு முகவையும் சமர்ப்பிக்கலாம். அப்படியானால் வழக்கறிஞர் எதற்கு என்ற கேள்வி எழும். படிவத்தை நிரப்புவதற்கு நாங்கள் தேவையில்லை. படிவத்தில் இல்லாத கேள்விகளுக்குத்தான் எங்களைத் தேடி வருகிறார்கள். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாக இணைகின்றன. ஊழியர்களின் அனுமதிகள் பழைய நிறுவனத்தின் பெயரில் உள்ளன. இணைப்பு நடக்கும் நாளன்று அவர்கள் யாருடைய ஊழியர்கள்? வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து வரும் பொறியாளர் இரண்டு வாரம் கூட்டங்களில் மட்டும் கலந்துகொள்கிறாரா, அல்லது இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்கிறாரா? முன்னதற்கு வருகையாளர் அனுமதி போதும். பின்னதற்குப் பெரும்பாலும் போதாது. இத்தகைய இடங்களில்தான் சட்டம் தெரிந்தவர் தேவைப்படுகிறார்.

இத்துறையில் நீதிமன்றத்திற்கு வேலை குறைவு என்பதற்கும் காரணம் உண்டு. அனுமதி வழங்குவதும் மறுப்பதும் அரசின் விருப்புரிமை. மறுக்கப்பட்டால் மூன்று மாதத்திற்குள் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்த முறையீடும் அமைச்சிடமே செல்கிறது. குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் முடிவுகளை நீதிமன்றம் மறுஆய்வு செய்வதற்கு அச்சட்டமே கடுமையான வரம்பு விதித்துள்ளது. எனவே தோற்ற பிறகு வாதாடுவதைவிட, விண்ணப்பிப்பதற்கு முன்பே சிந்திப்பதுதான் இங்கு வழக்கறிஞரின் திறமை.

நம் தாத்தா காலத்தில்

இந்த விதிகள் எல்லாம் புதியவை என்று நினைக்க வேண்டாம். 1933ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வந்தபோது, அது முக்கியமாகச் சீனாவிலிருந்து வந்தவர்களைக் கட்டுப்படுத்தியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகக் கருதப்பட்டதால் அதன் பிடியில் சிக்கவில்லை. 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கமே, உதவி பெற்று மலாயாவிற்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1953 ஆகஸ்டு மாதம் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்ததும் இந்தியர்களுக்கும் கதவு குறுகியது. நாட்டின் பொருளாதாரத்திற்குத் தேவையான தொழில்திறன் உடையவரா என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. சுதந்திரத்திற்குப் பிறகு 1965இல் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றது.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் 1953க்கு முன்பு கப்பலேறியவர்கள். அதற்குப் பிறகு கிளம்பியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் இந்தக் கரையில் இறங்கியிருக்க முடியும் என்பது சிந்திக்க வேண்டிய ஒன்று. இன்றைய விண்ணப்பதாரரைப் பற்றிப் பேசும்போது இந்த ஆண்டை நான் மறப்பதில்லை.

விதிகள் மாறும் வேகம்

இத்துறையில் கற்ற பாடம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்குப் பாடநூலை வாங்கி அலமாரியில் வைத்துப் பயனில்லை; அட்டையின் பளபளப்பு போவதற்குள் உள்ளே இருப்பது பழையதாகிவிடும்.

நிபுணர்கள், மேலாளர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸை எடுத்துக்கொள்வோம். அதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2011 ஜூலையில் 2,800 வெள்ளி ஆனது. 2012இல் 3,000, 2014இல் 3,300, 2017இல் 3,600. 2020 மே மாதம் 3,900 என்று உயர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் 4,500ஐத் தொட்டது. 2022 செப்டம்பரில் 5,000. 2025 ஜனவரியில் 5,600. பதினான்கு ஆண்டுகளுக்குள் சரியாக இரு மடங்கு! அதுவும் இது இளையருக்கான தொகை. வயது கூடக் கூட எதிர்பார்க்கப்படும் சம்பளமும் கூடும். 2025ஆம் ஆண்டு விதிப்படி 45 வயதைக் கடந்தவருக்கு 10,700 வெள்ளி தேவைப்பட்டது. நிதித்துறைக்கு இதைவிட அதிகம்.

சம்பளம் மட்டும் மாறவில்லை. 2014 ஆகஸ்டு முதல் நியாயமான பரிசீலனைக் கட்டமைப்பு நடப்புக்கு வந்தது. வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்பதற்குமுன் அந்த வேலையை 14 நாள் உள்ளூர்க்காரர்களுக்கு விளம்பரம் செய்ய வேண்டும் என்றது அது. 2020 அக்டோபரில் அது 28 நாளாகி, 2022 செப்டம்பரில் மீண்டும் 14 நாளானது. 2021 மே மாதம் வரை, சார்ந்தோர் அனுமதியில் இருக்கும் மனைவி அல்லது கணவர், ஓர் இசைவுக் கடிதம் பெற்று வேலை செய்ய முடிந்தது. அதன் பிறகு, தொழில் நடத்தும் சிலரைத் தவிர, மற்றவர்கள் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. ஒரு குடும்பத்தின் இரண்டு சம்பளம் ஒன்றாகக் குறைவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும் என்பதை அந்த ஆண்டு பல வீடுகள் உணர்ந்தன.

2020 மார்ச்சில் கொவிட்-19 கிருமி உலகை முடக்கியபோது, அனுமதி கையில் இருந்தும் நாடு திரும்ப முடியாத நிலை வந்தது. வேலை அனுமதி வைத்திருப்போர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் விமானம் ஏறுமுன் மனிதவள அமைச்சின் நுழைவு ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. தந்தையின் இறுதிச் சடங்கிற்காக ஊருக்குப் போனவர், பிள்ளையைப் பார்க்கப் போனவர், இரண்டு நாள் கூட்டத்திற்காகப் போனவர் என எத்தனையோ பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அனுமதி என்பது உரிமை அன்று என்பதைச் சட்டக் கல்லூரியில் படித்திருந்தேன். அதன் பொருள் புரிந்தது அப்போதுதான்.

நாற்பது புள்ளிகள்

2023 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்களுக்குக் காம்பஸ் என்னும் புள்ளிமுறை வந்தது. ஓராண்டு கழித்துப் புதுப்பிப்புகளுக்கும் அது விரிவடைந்தது. குடியேறிகளைப் புள்ளியிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை உலகிற்குப் புதிதன்று. கனடா 1967ஆம் ஆண்டே அதனைத் தொடங்கியது. ஆனால் சிங்கப்பூரின் முறையில் ஒரு தனித்தன்மை உண்டு. இங்கு விண்ணப்பதாரர் மட்டும் தேர்வு எழுதுவதில்லை. அவரை எடுக்கும் நிறுவனமும் சேர்ந்தே எழுதுகிறது.

அடிப்படைக் கூறுகள் நான்கு. முதலாவது சம்பளம்: அதே துறையில் உள்ளூர் நிபுணர்கள் பெறும் சம்பளத்தோடு ஒப்பிடப்படும். இரண்டாவது கல்வித் தகுதி. மூன்றாவது பன்முகத்தன்மை: விண்ணப்பதாரரின் நாட்டைச் சேர்ந்தவர்கள் அந்த நிறுவனத்தின் நிபுணர்களிடையே எவ்வளவு விழுக்காடு இருக்கிறார்கள் என்பது. நான்காவது உள்ளூர் வேலைவாய்ப்பிற்கு நிறுவனம் அளிக்கும் ஆதரவு. ஒவ்வொன்றிற்கும் 0, 10 அல்லது 20 புள்ளிகள். மொத்தம் 40 பெற்றால் தேர்ச்சி. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களின் பட்டியலில் அந்த வேலை இருந்தாலோ, நாட்டின் பொருளாதார முன்னுரிமைகளுக்கு நிறுவனம் பங்களித்தாலோ கூடுதல் புள்ளிகள் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குகிறேன். இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், நல்ல பட்டம் பெற்ற மென்பொருள் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்திற்கு 10, பட்டத்திற்கு 10 கிடைக்கின்றன. அவரை எடுக்க விரும்பும் நிறுவனத்தில் 40 நிபுணர்கள். அவர்களில் 12 பேர் அவருடைய நாட்டினர். அதாவது 30 விழுக்காடு. 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதால் பன்முகத்தன்மைக்குச் சுழியம். உள்ளூர் ஊழியர் விகிதம் நடுத்தரம்; அதற்கு 10. மொத்தம் 30. தேர்ச்சி இல்லை.

அதே பெண், அதே பட்டம், அதே சம்பளம். இம்முறை 20 நிபுணர்களே உள்ள ஒரு சிறு நிறுவனம் அவரை எடுக்கிறது. 25 பேருக்குக் குறைவான நிபுணர்கள் இருந்தால் மூன்றாவது, நான்காவது கூறுகளுக்குத் தலா 10 புள்ளிகள் தாமாகவே கிடைக்கும். மொத்தம் 40. தேர்ச்சி!

அந்தப் பெண்ணின் திறமையில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது அவர் சேரும் இடம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், "நான் தகுதியற்றவன்" என்று மனமுடைந்து போகும் இளையர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

முதல் நிறுவனத்திற்கு நான் என்ன சொல்வேன்? வழிகள் மூன்று. சம்பளத்தை உண்மையாகவே உயர்த்தலாம். அத்துறை உள்ளூர் நிபுணர்களின் சம்பள வரிசையில் உச்சப் பத்து விழுக்காட்டிற்குள் வந்தால் 10க்குப் பதில் 20 கிடைக்கும். அந்த வேலை பற்றாக்குறைப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். அல்லது, உள்ளூர்க்காரர்களை அதிகம் எடுத்துப் பயிற்சி கொடுத்து நான்காவது கூற்றில் மேலே வரலாம். மூன்றாவது வழிக்குக் காலம் பிடிக்கும். ஆனால் அதுவே நிலைக்கும்.

நம் சமூகத்தில் சிலர், பன்முகத்தன்மைக் கூறு இந்தியர்களைக் குறிவைத்தது என்கிறார்கள். வேறு சிலர், அது போதுமான அளவு கடுமையாக இல்லை என்கிறார்கள். நான் பார்த்த வரையில், ஒரே நாட்டினர் ஒரே அறையில் குவிந்துவிட்டால் அந்த அறையின் உணவு நேரப் பேச்சு முதல் பதவி உயர்வு வரை எல்லாம் ஒரே திசையில் சாயத் தொடங்கும். அது எந்த நாட்டினராயினும் பொருந்தும். இதைச் சொல்லும்போதே, கணக்கின் மறுமுனையில் நிற்பவர் ஒரு தனி மனிதர் என்பதையும், தம் நாட்டினர் எத்தனை பேர் அங்கு ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்சிக்காரர் யார்?

இத்துறையின் கடினமான கேள்வி சட்டநூலில் இல்லை. ஓர் அறையில் மூவர் அமர்ந்திருக்கிறோம்: நிறுவனத்தின் மனிதவள மேலாளர், ஊழியர், நான். எனக்குக் கட்டணம் கொடுப்பது நிறுவனம். ஆனால் என்னிடம் கடப்பிதழையும் திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் நம்பிக் கொடுப்பவர் ஊழியர். வேலைக்கு வரும் நாளில் இருவருடைய நலனும் ஒன்றுதான். வேலை போகும் நாளில் அவை பிரிந்துவிடுகின்றன.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் நிறுவனம் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். அதன் பிறகு ஊழியர் இங்குத் தங்குவதற்குக் கிடைப்பது பொதுவாக 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி. அந்த முப்பது நாளுக்குள் புதிய வேலை தேட வேண்டும். கிடைக்காவிட்டால் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டும். சாமான்களை விற்க வேண்டும். சார்ந்தோர் அனுமதிகள் அவருடைய அனுமதியைத் தொங்கிக்கொண்டிருப்பதால் அவையும் கூடவே விழும். இதற்கிடையில் வரித் தீர்வுக்காக, நிறுவனம் அவருக்குத் தர வேண்டிய கடைசித் தொகையை நிறுத்திவைத்து உள்நாட்டு வருவாய் ஆணையத்திற்கு அறிவிக்க வேண்டியது சட்டத்தின் கட்டளை. பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில் பணம் கைக்கு வருவதில்லை.

ஒரே விவகாரத்தில் நலன் முரண்படும் இருவருக்காக ஒரு வழக்கறிஞர் செயல்படுவதற்கு 2015ஆம் ஆண்டின் வழக்கறிஞர் நடத்தை விதிகள் தெளிவான வரம்புகள் வைத்துள்ளன. எனவே முதல் சந்திப்பிலேயே ஊழியரிடம் எளிய சொற்களில் சொல்லிவிடுவது என் வழக்கம்: "நான் உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர். என்னிடம் நீங்கள் சொல்வதை நிறுவனத்திடம் மறைத்துவைக்க என்னால் முடியாமல் போகலாம். உங்களுக்கென்று ஆலோசனை வேண்டுமானால் வேறொரு வழக்கறிஞரை நாடுங்கள்." முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது என்று மேலாளர்கள் சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. பின்னாளில் ஏமாந்தோம் என்று ஊழியர் நினைப்பதைவிட இது நல்லது.

அதே சமயத்தில், நிறுவனத்திற்குச் சொல்லும் ஆலோசனையில் மனிதத்தன்மைக்கு இடம் இல்லாமல் போவதில்லை. ஆள்குறைப்புச் செய்யப்போகும் நிறுவனத்திடம், கடைசி வேலைநாளைச் சிறிது தள்ளிவைத்தால் ஊழியருக்கு வேலை தேடக் கூடுதல் காலம் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்வேன். பள்ளித் தவணை முடியும் தேதியை நாள்காட்டியில் காட்டுவேன். ஊழியரை மதிப்போடு வழியனுப்பும் நிறுவனத்திற்கு நாளை நல்ல ஆள் கிடைப்பது எளிது என்பதும் வணிகக் கணக்கில் சேர்ந்ததுதான். சில நிறுவனங்கள் கேட்கும்; சில கேட்காது. கேட்காதபோது சட்டம் அனுமதிப்பதை அவர்கள் செய்வதை நான் தடுக்க முடியாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாள்களில் வீட்டிற்குப் போவது சுலபமாக இல்லை.

மறுக்க வேண்டிய கோரிக்கைகள்

விதிகள் இறுகும்போது குறுக்குவழி தேடுவோரும் பெருகுவர். "படிவத்தில் ஆறாயிரம் என்று போடுங்கள், அவர் மாதாமாதம் ஆயிரத்தைந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்" என்று கேட்பவர்கள் உண்டு. இது இரண்டு குற்றங்கள். ஒன்று பொய்த் தகவல் அளிப்பது. அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மற்றொன்று வேலை கொடுப்பதற்குக் கைக்கூலி பெறுவது; அதற்கு அபராதம் 30,000 வெள்ளி வரை போகலாம். விலைக்கு வாங்கிய பட்டங்களும் இப்போது எளிதில் செல்லாது. 2023 செப்டம்பரிலிருந்து, பட்டத்திற்காகப் புள்ளி கேட்பவர் அது உண்மையானது என்பதற்குச் சரிபார்ப்புச் சான்று காட்ட வேண்டும்.

இத்தகைய ஏற்பாடுகளில் பெரிதும் பாதிக்கப்படுபவர் ஊழியர்தான் என்பதை இளையர்கள் மறக்கக்கூடாது. சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஊரில் கடன் இருக்கும்போது ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. விஷயம் வெளியே வந்தால் அவருடைய அனுமதியும் போகும். மீண்டும் இங்கு வேலை செய்யும் வாய்ப்பும் போகும்.

தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் படிவமும்

தமிழ் தெரிந்திருப்பது இத்துறையில் எனக்குக் கைகொடுத்த இடங்கள் பல. அவற்றுள் முதன்மையானது பெயர். உலகின் குடிநுழைவுப் படிவங்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். நம் மரபிலோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். பட்டச் சான்றிதழில் முதலெழுத்து. கடப்பிதழில் தந்தையின் முழுப்பெயர். திருமணச் சான்றிதழில் கணவர் பெயர். ஒரே பெண் மூன்று ஆவணங்களில் மூன்று பேராக நிற்பார்.

குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கும் சிக்கல் உண்டு. சொந்தப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள கடப்பிதழ்களுக்கு அமெரிக்க விசாவில், 'பெயர் தெரியாதவர்' என்னும் பொருள்படும் மூன்றெழுத்துகள் அச்சாவதுண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகள், கடப்பிதழில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள வருகையாளர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தன. பெற்றோர் அன்போடு வைத்த ஒற்றைப் பெயர், விமான நிலையத்தில் கேள்விக்குறியானது.

மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் பெயரை ஒருமுறை முடிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே வரிசையில் எழுதுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகுமுன் பல்கலைக்கழகம் பெயரைச் சரிபார்க்கச் சொல்லும். அந்த மின்னஞ்சலை அலட்சியம் செய்யாதீர்கள்.

மாறும் உலகம்

சிங்கப்பூர் மட்டும் மாறவில்லை. அமெரிக்காவின் எச்-1பி விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 என்பது அதன் உச்சவரம்பு. 2025 செப்டம்பர் 19ஆம் தேதி, புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலர் கட்டணம் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. அது நடப்புக்கு வந்தது 21ஆம் தேதி! யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது தெளிவாவதற்கு முன்பே, விடுமுறையில் வெளிநாடு சென்றிருந்த ஊழியர்களை உடனே திரும்பும்படி நிறுவனங்கள் அழைத்தன. பிரிட்டனில் தேர்ச்சி பெற்ற ஊழியர் விசாவிற்கான பொதுச் சம்பள வரம்பு, 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாகவும் 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது.

வேலை என்பதன் பொருளும் மாறிவருகிறது. மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற நிலை. மலேசியா 2022ஆம் ஆண்டு, தொலைவிலிருந்து பணியாற்றும் வெளிநாட்டவருக்காக டி ரந்தாவ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் இத்தகைய அனுமதி இல்லாமல், சுற்றுலா விசாவில் சென்று விடுதி அறையில் அமர்ந்து அலுவலக வேலை பார்ப்பவர் அந்நாட்டின் சட்டத்தை மீறுகிறாரா? எத்தனை நாள் தங்கினால் அங்கு வரி கட்ட வேண்டும்? நாட்டுக்கு நாடு பதில் வேறு. உடல் எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணின் சட்டம்தான் முதலில் பேசும் என்பதே நான் கொடுக்கும் பொதுவான எச்சரிக்கை.

கணினியும் எங்கள் மேசைக்கு வந்துவிட்டது. மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் விவரங்களை உள்ளிட்டால் எத்தனை புள்ளி என்று யாரும் தெரிந்துகொள்ளலாம். முன்பு இதற்காக வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்தவர்கள் இப்போது கொடுக்க வேண்டியதில்லை. அது நல்லதே. கணக்குப் போடும் வேலை போய்விட்டது. எந்தக் கணக்கைப் போடக்கூடாது என்று சொல்லும் வேலை இருக்கிறது.

மாணவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களே, கல்விக் கட்டண மானியம் பெற்றிருந்தால் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்றும் கடப்பாடு உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கடப்பாடு வேலை அனுமதிக்கு உத்தரவாதம் ஆகாது. இறுதியாண்டில் வேலை தேடத் தொடங்கும்போதே, நிறுவனம் எத்தகையது, எத்தனை நிபுணர்கள் உள்ளனர் என்று விசாரியுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல நிறுவனம் பதில் சொல்லும்.

இங்குப் பிறந்த மாணவர்களே, உங்களுக்காகத்தான் இந்த வேலிகள் போடப்பட்டன. வேலி வாய்ப்பைக் காக்கும்; திறமையை வளர்க்காது. 14 நாள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். உங்களுக்கு அநியாயம் நடந்தால் முறையிட இடமிருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் வெளிநாட்டுச் சக ஊழியர் அந்த விதிகளை எழுதியவர் அல்லர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இத்துறைக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். பெரிய வழக்குகளின் புகழ் இங்குக் கிடைக்காது. சுற்றறிக்கைகளை வரிவரியாக, தேதி தேதியாகப் படிக்கும் பொறுமை வேண்டும். எண்களுக்கு அஞ்சக்கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, மேசையில் கிடக்கும் கோப்பு ஒரு குடும்பம் என்ற நினைவு வேண்டும். ஒரு கோப்பில் விண்ணப்ப எண்ணுக்குக் கீழே, சிறுகுழந்தையின் கடப்பிதழ்ப் படம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருப்பது தெரியும்படி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தின் தேதியை இன்னொரு முறை சரிபார்ப்பவரே இத்துறைக்கு ஏற்றவர்.